மாமா கடித்த ரொட்டி

ரொட்டியைக் காணோம்!

சுவரில் ஆணி இருந்தது. ஆணியில் துணிப்பை தொங்கியது. பைக்குள் ஒன்றுமில்லை. கீழே மெத்தைகளை அடுக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான் சனோபரின் குட்டித் தம்பி தோலிப்.

"டேய்! வாயில என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா!" என்றான். வாயிலிருந்து ரொட்டி எள் ஒன்று பறந்து வந்து அவள் மூக்கில் ஒட்டியது.

சனோபருக்குப் பகீரென்றது.

அது 1888ஆம் வருடம். பாரிஸில் வானத்தைத் தொட ஓர் இரும்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. சமர்கந்துக்கு முதன்முதலாக ரயில் வந்திருந்தது. அதில் ஏறி புகாராவுக்குப் போகிறேன் என்று ரஹ்மோன் மாமா கிளம்பிவிட்டார்.

"அது சைத்தான் வண்டிடா தம்பி, போகாதே!" என்று அம்மா அழுதாள். மாமா கேட்கவில்லை. பயணம் போகிற எல்லோரையும்போல, புது ரொட்டியில் ஒரு கடி கடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மிச்சத்தை அவர் திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். அது ஆணியில் தொங்கும்வரை அம்மாவுக்குத் தைரியம்.

இப்போது அது தோலிப்பின் வயிற்றில்!

அம்மா பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கப் போயிருந்தாள். வந்து பார்த்தால், மாமா திரும்பும்வரை அவளுக்கு அன்னம் தண்ணீர் இறங்காது.

சனோபர் வேறொரு ரொட்டியை எடுத்து, தானே கடித்துப் பார்த்தாள்.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றான் தோலிப்.

'அம்மாவை ஏமாத்திரலாம். ஆனா மாமா திரும்பி வரணுமே!'

தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் தள்ளிவிட்டு, ரயில் கிளம்புமுன் மாமாவைப் பிடிக்க, இன்னொரு முழு ரொட்டியோடு கழுதைமேல் தாவினாள். ரயில் நிலையத்தை நெருங்கும்போது ரயில் ஊதியதும் கழுதை நின்றுவிட்டது. இழுத்தாள், தள்ளினாள், கெஞ்சினாள். ம்ஹூம்! விட்டுவிட்டு ஓடினாள்.

ஜன்னலில் மாமாவின் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது.

"மாமா! கடிங்க!"

"காலைலயே கடிச்சேனே?"

"அதைத் தோலிப் தின்னுட்டான்!"

"ஐயையோ! குடு, குடு!"

பக்கத்தில் இருந்த குண்டுக் கம்பள வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். "மீசை வெச்ச ஆளு, ரொட்டிக்குப் போயி இப்படிப் பதறுறியே!"

ரயில் மறுபடி ஊதியது. வண்டி முழுவதும் நடுங்கியது. வியாபாரியின் சிரிப்பு நின்றது.

"ஏம்மா கண்ணு... நான் வீட்ல சண்டை போட்டுட்டுக் கடிக்காமலே வந்துட்டேன். நானும் ஒரு கடி..."

"எனக்கும்மா!" "எனக்கும்!" என்று ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீண்டன.

சனோபர் தயங்கினாள். இது மாமாவின் ரொட்டி. ஆனால் இவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்களே!

"சரி, சின்னதாக் கடிங்க! ஏய் குண்டு மாமா, சின்னதான்னேன்!"

எண்ணெய் விட இறங்கிய ரஷ்யக்கார ஓட்டுநர் ஒன்றும் புரியாமல் விழித்தார். மாமா கையைக் காட்டி, 'போறோம், வர்றோம்' என்று விளக்கினார். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். தன் வீடு அங்கே என்பதுபோல வடக்கே எங்கோ தூரத்தைக் காட்டினார். பிறகு மெதுவாக அவரும் ஒரு கடி கடித்தார்.

வண்டி நகர்ந்தது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். சனோபர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, ஓரமெல்லாம் கடிபட்ட ரொட்டியை நீட்டினாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவங்க பேரெல்லாம் கேட்டியாடி?"

கண்ணைத் திறந்தாள். "இல்லையேம்மா."

"அட மண்டு! பேரு தெரியாம எப்படி வேண்டிக்கிறது?"

அம்மா ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரிடத்தில் இரண்டு கரி விரல் தடம்.

"இது யாரு?"

"வண்டி ஓட்டுறவரு. அவரு திரும்பி வந்தாத்தானேம்மா மத்தவங்க எல்லாரும் வர முடியும்?"

அம்மா சிரித்துவிட்டாள். ஆணியைப் பிடுங்கி, தோலிப்புக்கு எட்டாத உயரத்தில் அடித்தாள்.