தெருவிலிருந்து தெரிவது

வேலிக்குப் பின்னால் நின்ற நாய் அவர்களைப் பார்த்துக் குரைத்தது, சத்தம்தான் வரவில்லை. வாய் திறந்தது, தொண்டை குலுங்கியது, பல்லெல்லாம் தெரிந்தது. லொரெட்டா கார்க் கண்ணாடியை இறக்கியும் ஒன்றும் கேட்கவில்லை.

“குரைக்கிறதுக்கும் குடியிருப்போர் சங்கத்துல அனுமதி வாங்கணும் போலிருக்கு,” என்றார் க்ளென். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயின் இடது பக்கம் தொங்கிக்கிடந்தது. பேச்சு குழறினாலும் கணவரின் நக்கல் மட்டும் குறையவில்லை.

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டிய இந்தக் குடியிருப்பைத் தேடிப் பிடித்தவள் அவள்தான். பழைய தெருவில் பக்கத்து வீட்டுக்காரன் துருப்பிடித்த வண்டிகளை வாசலில் குவித்துவைத்து, விடிய விடியக் குடித்துக் கத்துவான். அந்தத் தொல்லையால்தான் க்ளென் விழுந்தார் என்பது அவள் எண்ணம். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இங்கே ஒரே மணல் நிறத்தில் வீடுகள், சீவிவிட்டதுபோல் சரளைக்கல் முற்றங்கள், கண்ணில் படாத குப்பைத்தொட்டிகள். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. சங்கத்தின் விதிகளை எல்லோரையும் போல அவளும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள். சுவரின் நிறம், செடியின் உயரம், அதற்குமேல் என்ன இருந்துவிடப் போகிறது?

சாவி அன்றுதான் கைக்கு வந்திருந்தது. பூட்டிக்கிடந்த வீடு அனலாகக் கொதிக்கும் என்பதால், க்ளெனை எஞ்சினை அணைக்காத காரின் ஏசி குளிரிலேயே வாசலோரம் உட்காரவைத்துவிட்டு இறங்கினாள். சங்கத் தலைவி கோர்லிஸ் சிரித்த முகத்தோடு எதிரே வந்தாள். பொழுது சாய்ந்தபின் தெருவில் கார் நிற்கக் கூடாது என்று நினைவூட்டினாள். வீடு குளிர்ந்ததும் எடுத்துவிடுவதாக லொரெட்டா சொன்னாள். கோர்லிஸ் குனிந்து க்ளெனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“வாய் கோணியிருக்கறது தெருவுல இருந்தே தெரியுதே,” என்றாள். “கவலைப்படாதீங்க. புதுசா வர்றவங்களுக்கு முதல் தடவை நாங்களே சரிபண்ணிக் கொடுத்துடுவோம்.”

லொரெட்டாவுக்குச் சுருக்கென்றது. பிரார்த்தனைக் கூட்டம் ஏதாவது வைப்பார்களாக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

காலி அறைகளில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் ஓடியது. ஏசி இருமி உயிர்பெற்றதும் காற்றில் சூடான தூசியும், யாரோ மருத்துவமனைத் தரையைத் துடைத்ததுபோன்ற நெடியும் கலந்து வந்தன. அஸ்தமன வெளிச்சம் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் மெதுவாக நீட்டிக்கொண்டே போனது. அப்போதுதான் வெளியே சரளைக்கல் நொறுங்கியது. ஒரு ஆள் நடக்கிற சத்தமில்லை. நிறைய கால்கள், அவசரமே இல்லாமல்.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் கார் இல்லை.

அவள் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. கேரேஜ் கதவு இறங்கும் உறுமல். இந்த வீட்டின் கதவுகளைத் திறக்கிற வழி வேறு யாருக்குத் தெரியும்? சமையலறைக்கு ஓடினாள்.

சமையலறையிலிருந்து கேரேஜுக்குப் போகும் கதவு நகரவில்லை. மறுபக்கத்தில் யாரோ சாய்ந்து நின்றார்கள். அவர்கள் மூச்சு கேட்டது. அதற்கு அப்பால், எதிலோ ஊசி இறங்கி நூலை இழுக்கிற சின்னச் சத்தம். இழுத்து. முடிச்சிட்டு. மறுபடி இழுத்து.

“க்ளென்!”

முனகல். அவருடையதுதான்.

கதவைத் தோளால் இடித்தாள். மறுபடி இடித்தாள். சட்டென்று கதவு விட்டுக்கொடுத்தது.

காரைச் சுற்றி நின்ற அக்கம்பக்கத்தார் மரியாதையாக விலகினார்கள். க்ளென் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாயின் இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் இருந்தன. இடது ஓரத்திலிருந்து காதுக்குப் பின்னால் வரை மெல்லிய நூல் விறைத்து ஓடியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின. வழிந்த கண்ணீரையும் ரத்தத்தையும் ஒரு பெண் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

லொரெட்டாவுக்கு அழுகை முட்டியது. உதடு பிதுங்கியது. கன்னம் துடித்தது.

“அழாதீங்க,” என்றாள் கோர்லிஸ். “அழுதா உங்க முகமும் கோணுது பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். கோர்லிஸ் ஊசியில் புது நூல் கோத்தாள்.