நீல முத்திரை

காலை பத்து மணிக்குள் நூறு பேருடைய வெறுமையைப் படித்து முடித்துவிடுவாள் அம்சவேணி. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மாநகரில் யார் எந்தத் திரையில் சோகமாக எழுதினாலும் சொல்லுணரி என்ற இயந்திரம் மோப்பம் பிடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் தேற்றுநர் இருவர் கதவைத் தட்டுவார்கள். தனியாகச் செத்து நாறிப்போனவர்களின் கணக்கு ஏறிய பிறகு வந்த சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்த ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாக்கியத்தை மூன்று வரியாக ஒடித்துப் போட்டு, ஜன்னல், லிஃப்ட், தனிமை என்று எல்லோரும் கவிதை எழுதக் கிளம்பிவிட்டார்கள். தேற்றுநர்கள் ஓடி ஓடிக் களைத்தார்கள். எது கவிதை, எது கதறல் என்று இயந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் அம்சவேணி போன்ற வாசகர்களை உட்கார வைத்தார்கள். கதறல் என்றால் சிவப்பு முத்திரை, ஆள் போகும். கவிதை என்றால் நீலம், ‘அருமை. தொடர்ந்து எழுதுங்கள்’ என்ற பதில் போகும். எழுதியவருக்கு ஓர் எண் மட்டும் இருக்கும்; பெயரோ முகவரியோ வாசகருக்குத் தெரியாது.

நாற்பது நாளாக ஒருவருடைய வரிகளுக்காகவே அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு வந்தது இது:

*தண்ணீர் கேன் வந்துவிட்டது.*
*தூக்கி வைக்க*
*நான்தான் இன்னும் வரவில்லை.*

பக்கத்து மேசை ஜெபா எட்டிப் பார்த்தாள். “அக்கா, இது என்னமோ உறுத்துது. ஆள் அனுப்பிடலாமே?”

“போடி இவளே! எப்படி எழுதியிருக்கான் பாரு. தேற்றுநர் போய் ரெண்டு மாத்திரை கொடுத்தா, அப்புறம் இவன் எழுதுவானா? பூச்செடிக்கு உரம் வாங்கினேன்னுதான் எழுதுவான்.”

“எழுதாட்டிப் போகட்டுமே அக்கா.”

அம்சவேணி நீலத்தை அழுத்தினாள். ரசனை கெட்ட பெண் என்று மனதுக்குள் திட்டவும் செய்தாள்.

மாலையில் அறுபத்தோராம் மாடியில் இறங்கி நடந்தபோது, எதிர்வீட்டு வாசலில் ஒரு கேன் வழியை மறித்துக்கொண்டு நின்றது. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அந்த ஊரில் வாசலும் வேறு.

அடுத்த மூன்று நாள் அவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அவளுக்குக் கோபமாகக்கூட வந்தது. நான்காம் நாள் மாலை எதிர்வீட்டு வாசலில் இரண்டு கேன்கள் நின்றன. தள்ளுவதற்குக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஐயோ!

மணியை அழுத்தினாள், கதவை இரண்டு கையாலும் அடித்தாள். “சார்! சார்! உள்ள இருக்கீங்களா?” அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

காவலர்கள் வந்து கதவை உடைத்தார்கள். பெயர் தணிகாசலமாம், வயது ஐம்பத்து நான்காம். உயிர் போய் மூன்று நாளாகியிருந்தது. மேசைத் திரையில் அவள் அனுப்பிய பதில்கள் வரிசையாக நின்றன. அருமை. தொடர்ந்து எழுதுங்கள். அருமை. தொடர்ந்து எழுதுங்கள். மனிதர் சொன்னபடி தொடர்ந்து எழுதியிருக்கிறார்!

எல்லோரும் போன பிறகு அம்சவேணி தன் திரை முன் உட்கார்ந்தாள். பாவி நான், பாவி நான் என்று வாய் புலம்பியது. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. நீளமாக எழுத வரவில்லை. விட்டு விட்டு எழுதினாள்.

*எதிர்க்கதவைத் திறந்துவிட்டார்கள்.*
*அங்கே யாருமில்லை.*
*இங்கே நான் இருக்கிறேன்.*

வாசகர் எழுதுவது வேறு மையத்துக்குத்தான் போகும். அங்கேயும் யாரோ ஒரு ரசிகர் இருந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் திரை நீலமாக ஒளிர்ந்தது.

‘அருமை. தொடர்ந்து எழுதுங்கள்.’