கசந்த மொஹீத்தோ

மாலை 4.40. சியென்ஃபுவேகோஸ் நகரத்தில் ஜூலை வெயில் இன்னும் இறங்கவில்லை.

எவரிஸ்தோ லுவாசெஸ் தன் ஆடும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். மேசைவிரிப்பால் மூடியிருந்தார்கள். வானொலியில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

லெப்டினன்ட் ஒடாலிஸ் அணைத்தாள்.

வீட்டு முற்றம்தான் மதுக்கடை. நான்கு மேசைகள், பானம் கலக்க ஒரு நீள மேடை. ஓரத்தில் உடைந்த குளியல் தொட்டி, அது நிறையப் புதினா. அதை ஒட்டி இளஞ்சிவப்பாகப் பூத்த அரளி. மேடைக்கு அருகே, மூலையில், எவரிஸ்தோ காலையில் சுவரிலிருந்து சுரண்டிப்போட்ட பழைய சுண்ணாம்பு வெள்ளை மாவாகப் படிந்திருந்தது. அதன் மேல் பூனையின் காலடிகள் மட்டும். பக்கத்தில் கரைத்து வைத்த சுண்ணாம்பு வாளி.

"அரளி மாதிரி தெரியுது," என்றார் அடுத்த தெரு டாக்டர். "வாந்தி. இதயம் தாறுமாறா அடிச்சுது. நான் வந்தப்ப மூணே முக்கால். நாலு அஞ்சுக்குப் போயிட்டார்."

சார்ஜன்ட் மத்தியாஸ் அரளியைப் பார்த்தார். பிறகு மேடைக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"செடி இங்கயே இருக்கு. கலந்து குடுத்தவளும் இங்கயே நிக்கிறா. வண்டியில ஏத்தட்டுமா, தோழர்?"

"வண்டி எங்கயும் ஓடிப்போகாது. பொறு."

அவள் பெயர் நெரெய்தா. பதினோரு வருடமாக எவரிஸ்தோவின் மூன்று மணி மொஹீத்தோ பானத்தை அவள்தான் போடுகிறாள். அவள் அழவில்லை. கையில் இருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடந்தது?"

"மூணு மணிக்குப் புதினா கிள்ளினேன். சர்க்கரை, எலுமிச்சை போட்டு அமுக்கி வச்சுட்டு, ஐஸ் உடைக்க உள்ள போனேன். திரும்பி வந்தா ஓஸ்மானி ரம் ஊத்தி வச்சிருந்தான். ஐஸ், சோடா சேர்த்துக் கொடுத்தேன்."

"அவர் ஏதாவது சொன்னாரா?"

துணி நின்றது.

"கசக்குதே பொண்ணே, இலையை நசுக்கிட்டியான்னு கேட்டார்." அவள் குரல் இறங்கியது. "பதினோரு வருஷத்துல அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்ல. கடைசியா என்கிட்ட சொன்னதே அதுதான். வலி வந்ததும் நான் டாக்டரைக் கூப்பிட ஓடிட்டேன்."

ஒடாலிஸ் கோப்பையை எடுத்தாள். பாதி மிச்சம். கரண்டியால் புதினாவைத் தூக்கினாள். ஒரே தண்டு. இலைகள் தண்டோடு இருந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை, கறுக்கவில்லை. வேறு இலை எதுவும் இல்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

5.05. ஓஸ்மானி. எவரிஸ்தோவின் தங்கை மகன், முப்பது வயது. கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் புனிதரின் மணிமாலை. அடிக்கடி அதைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டான். வலது சட்டைக்கை முழங்கை வரை வெளுத்துக் காய்ந்திருந்தது.

"மாமாவுக்கு ரம் கொண்டு வந்தது நீயா?"

"நான்தான். தீர்ந்துபோச்சுன்னு காலையிலயே சொன்னார். சீல் உடைக்காத பாட்டில். இதே மேடையில வச்சுதான் திறந்தேன்." கிழிந்த சீல் மேடையில் கிடந்தது.

"மாமா பார்த்தாரா?"

"ஆட்டம் நடக்கும்போது அவர் தலையில இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்."

"சட்டையில என்ன?"

"சுண்ணாம்பு. உரசியிருக்கும்."

"உரசினா முழங்கை வரைக்குமா?"

அவன் மேடையில் இருந்த பாட்டிலை எட்டி எடுத்தான். மத்தியாஸ் தடுப்பதற்குள் இரண்டு மடக்கு குடித்துவிட்டான்.

"பாருங்க, நிக்கிறேன். ரம்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் மிச்சம் என்ன? இலை. கிள்ளினது யாரு?" அவன் நெரெய்தாவைப் பார்க்காமல் அவள் பக்கம் கையைக் காட்டினான். "இந்த வீட்டை இவ பேருக்கு எழுத திங்கட்கிழமை போறதா இருந்தார். இவளுக்கு அதுவரைக்கும் பொறுக்கல."

"எழுதறதுக்கு முன்னாடியே செத்துட்டார். இப்ப வீடு யாருக்கு?"

"சட்டப்படி எனக்கு. அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. கேட்டேன்."

மத்தியாஸ் ஒடாலிஸின் காதருகே குனிந்தார். "குடிச்சே காட்டிட்டான், தோழர். இனிமே என்ன? அவளைக் கூட்டிட்டுப் போகலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. கோப்பையில் நஞ்சு. பாட்டிலில் இல்லை. இன்னும் பத்து நிமிடத்தில் நெரெய்தா வண்டியில் ஏற வேண்டியதுதான்.

ஒடாலிஸ் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"மத்தியாஸ், எதிர்க் கடையில ஒரு புது பாட்டில் வாங்கிட்டு வா. நெரெய்தா, எனக்கு ஒண்ணு போடு. அவருக்குப் போடற மாதிரியே. எதையும் விடாம."

"டியூட்டியில குடிக்கலாமா, தோழர்?"

"நீ நடையைக் கட்டு."

5.20. நெரெய்தா தொட்டியின் முன் மண்டியிட்டாள். இருபது தண்டுகளைத் தடவி ஒன்றைக் கிள்ளினாள். அதை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டினாள். மணம் முற்றத்தைக் கடந்து போனது. கோப்பையில் சர்க்கரை. எலுமிச்சை. மரக்கட்டையால் மூன்றே அமுக்கு, தூங்கும் குழந்தையின் முதுகில் கை வைப்பதைப் போல. இலை கசங்கவில்லை. ஆனால் தனக்குள் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டது.

மத்தியாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். ஏன் கழற்றினார் என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. மேசைவிரிப்புக்கு அடியில் ஒருவர் கிடக்கும் இடத்தில் இப்படி ஒரு மணம் எழும்பும் என்று ஒடாலிஸ் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு மயிர் கூச்செறிந்தது.

நெரெய்தா புது பாட்டிலின் மூடியைத் திருகினாள். கோப்பைக்கு ஊற்றவில்லை. மூலைக்கு நடந்து, பாட்டிலைச் சாய்த்து, முதல் வாயைத் தரையில் தெளித்தாள்.

புனிதர்களின் பங்கு.

வெள்ளைத் தூளில் கருஞ்சாம்பலாக ஐந்தாறு குழிகள் விழுந்தன.

ஒடாலிஸ் அசையாமல் நின்றாள். புது பாட்டிலைத் திறந்தால் அவளும் இதைத்தான் செய்வாள். அவள் அப்பாவும் இதைத்தான் செய்தார். மூச்சு விடுவதைப் போன்ற பழக்கம். அதனால்தான் அது நடக்காதது இத்தனை நேரம் கண்ணில் படவில்லை.

"ஓஸ்மானி. இங்க வந்து பாரு."

அவன் வரவில்லை.

"இந்தத் தூள் காலையில இருந்து கிடக்கு. பூனை நடந்ததுகூடத் தெரியுது. ஆனா இப்ப நெரெய்தா ஊத்தற வரைக்கும் இங்க ஒரு சொட்டு விழல. புது பாட்டிலை இங்க திறந்தேன்னு சொன்னே. மாலை போட்டவன் நீ. அவங்க பங்கை ஏன் கொடுக்கல?"

"மறந்துட்டேன்..."

"நீயா?" என்றாள் நெரெய்தா. "மாமா உன்னைக் கிண்டல் பண்ணுவாரே. பாதி பாட்டிலைச் சாமிக்கே ஊத்தறான்னு!"

ஒடாலிஸ் நிதானமாகச் சொன்னாள். "இலை முழுசா இருக்கு, கறுக்கல. அதுல இருந்து கசப்பு வரலை. கசந்தது ரம். நீ ரெண்டு பாட்டில் கொண்டு வந்தே. ஒண்ணு அரளி கலந்தது. அதுல இருந்து அவர் கோப்பைக்கு ஊத்தினே. இவ டாக்டர்கிட்ட ஓடினதும் அதை ஒளிச்சுட்டு, நல்லதைத் திறந்து இங்க வச்சே. எங்க முன்னாடி குடிச்சது அதைத்தான். மத்தியாஸ், சுண்ணாம்பு வாளி. முழங்கை வரைக்கும் விடு."

மத்தியாஸ் கையை விட்டுத் துழாவினார். வெள்ளைக் குழம்பு சொட்டச் சொட்ட ஒரு பாட்டில் மேலே வந்தது. முக்கால் நிறைந்திருந்தது.

ஓஸ்மானி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மாலையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"முதல் பாட்டில்ல விஷம், தோழர். அதைப் போய் அவங்களுக்கு எப்படி ஊத்துவேன்?"

"ரெண்டாவது நல்ல பாட்டில்தானே?"

"மாமா கீழ கிடந்தார்." அவன் மூலையைப் பார்க்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊத்தறது?"

மூலையில் அந்தக் குழிகள் காய்ந்துகொண்டிருந்தன. மனிதனைக் கொல்லத் துணிந்தவன் இந்த இடத்தில் பயந்திருக்கிறான். ஒடாலிஸ் தன்னை அறியாமல் ஒரு அடி தள்ளி நின்றாள்.

5.50. வண்டி ஓஸ்மானியை ஏற்றிக்கொண்டு போனது.

மேடையில் மொஹீத்தோ பாதியில் நின்றிருந்தது. நெரெய்தா ரம் ஊற்றி, ஐஸ் போட்டு, சோடா சேர்த்தாள். கோப்பையை நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தீர்ப்புக்குக் காத்திருப்பவளைப் போல.

ஒடாலிஸ் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"கசக்கல, நெரெய்தா."

அப்போதுதான் அவள் அழுதாள்.