லீவு கேட்டால் வெடிக்கும்!

ட்ரிங்... ட்ரிங்...

கேஷியர் சரவணன் போனை எடுத்தான்.

"வணக்கம், பொன்மயில் சில்க்ஸ்..."

"உங்க கடையில குண்டு வெச்சிருக்கேன்!" கீச்சென்று ஒரு பெண் குரல். "இன்னும் கொஞ்ச நேரத்துல... டமார்!"

லைன் கட்!

அவ்வளவுதான்... தெப்பக்குளம் வட்டாரமே அலறியது! ஆடித் தள்ளுபடிக் கூட்டம் சேலைகளை வீசிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தது.

பட்டுப் பிரிவு வைஷ்ணவி, முட்டிவலியோடு தவித்த ஒரு வாடிக்கையாளரைத் தோளில் தாங்கிக்கொண்டு கடைசி ஆளாக வெளியே வந்தாள்.

பிளாட்பாரத்தில் விற்பனைப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடைக்குள் உட்காரத் தடை. பயந்த முகம் ஒன்றுகூட இல்லை!

"வாரம் ஒரு குண்டு வெச்சா எவ்வளவு நல்லாருக்கும்!" என்றாள் ஒருத்தி.

வைஷ்ணவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது...

பாதியில் நின்றது.

எதிரே இன்ஸ்பெக்டர் ஷரபுன்னிசா!

"நீதான் வைஷ்ணவியா? காலைல மேனேஜர்கிட்ட என்ன சொன்னே?"

"கல்யாணமாகி முதல் ஆடிப்பெருக்கு மேடம்... காவேரிக்கரை அம்மா மண்டபத்துல தாலிக்கயிறு மாத்தணும். அரை நாள் லீவு கேட்டேன். தரல..."

"அதுக்கு?"

"குண்டு வெடிச்சாத்தான் இந்தக் கடைல லீவு கிடைக்கும்னு... கோவத்துல..."

"போன்ல பேசினதும் பொம்பளைக் குரல்!"

வைஷ்ணவி தாலிக்கயிற்றைப் பற்றிக்கொண்டாள். முதல் ஆடிப்பெருக்கு... லாக்கப்பிலா?

அப்போது முதலாளி ஆனந்தவள்ளி ஓடிவந்தார்.

"இன்ஸ்பெக்டர்! எங்க மேனேஜர் சித்தார்த்தைக் காணோம்!"

அந்தச் சிடுமூஞ்சியா! ஆனாலும் வைஷ்ணவிக்கு மனசு கேட்கவில்லை.

"மேடம், மேல மூணாவது மாடியில அவரு கேபின்! காப்பாத்துங்க... ப்ளீஸ்!"

மோப்ப நாய் மாடி மாடியாக அலசியது. திரும்பி வந்து கொட்டாவி விட்டது.

குண்டும் இல்லை... மேனேஜரும் இல்லை!

இன்ஸ்பெக்டரின் பார்வை மறுபடி வைஷ்ணவி மேல் விழுந்தது. சரவணனிடம் மிரட்டல் வந்த நம்பரை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

வைஷ்ணவியின் ஹேண்ட்பேக் மௌனமாக இருந்தது.

யாரோ எடுத்தார்கள்! பின்னணியில் ஆற்றங்கரைக் கூச்சல்.

"ஹலோ... யாருங்க?"

"இது யாரு போன்மா?"

"என்னோடதுதாங்க. தன் போன்ல சார்ஜ் இல்லைன்னு காலைல எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போனாரு. இப்பதான் அம்மா மண்டபத்துக்குக் கொண்டாந்து குடுத்துட்டு, காவேரில முங்கிட்டிருக்காரு."

"வீட்டுக்காரர் பேரு?"

"சித்தார்த். பொன்மயில் மேனேஜர்! மூணு வருஷமா ஆடிப்பெருக்குக்கு லீவு கேட்டும் அந்த முதலாளியம்மா தரலீங்க. இன்னிக்கு என்னவோ கடைக்கே லீவு விட்டுட்டாங்களாம். புண்ணியவதி!"

புண்ணியவதி வேறு பக்கம் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொம்பளைக் குரல்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சரவணன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ மேடம்! அவரு மிமிக்ரி சூப்பரா பண்ணுவாரு!"

பிளாட்பாரமே வெடித்துச் சிரித்தது! வைஷ்ணவிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அம்மா மண்டபத்துக்குத்தான் போறோம்," ஷரபுன்னிசா ஜீப் கதவைத் திறந்தார். "நீயும் ஏறும்மா... தாலிக்கயிறு மாத்த வேணாமா?"

வைஷ்ணவி தாவி ஏறினாள். ஜீப் சீறியது.

ஆனந்தவள்ளி மிரட்சியோடு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே யாருக்கு லீவு வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா... தயவு செஞ்சு போன் மட்டும் பண்ணிச் சொல்லாதீங்க!"