கடல்மட்டத்தில் ஏழாயிரம் அடி

என் மூக்கின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மற்றவர்கள் சாமி மேலும் பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்வார்கள். மெக்கானிக்குக்கு மூக்குதான் மூலதனம். அதையே பணயம் வைக்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் தெரு விடிவது வண்டிகளின் ஒப்பிப்பில்தான். வெயில் பட்டதும் ஒவ்வொரு காரும் தன் எஞ்சினின் அழுத்த உணரியால் காற்றை அளந்து, தான் நிற்கும் உயரத்தை உரக்கச் சொல்லும். “கடல்மட்டம்” என்று ஒன்று. “கடல்மட்டம்” என்று அடுத்தது. பள்ளிக்கூடத்தில் “உள்ளேன் ஐயா” சொல்வதுபோல, சோம்பலாக. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று சலேத் மேரியின் பழைய பச்சைக் கார் மட்டும், தூக்கம் கலையாத குரலில், “ஏழாயிரம் அடி” என்றது. தெருவே திரும்பிப் பார்த்தது.

பார்க்காமல் என்ன செய்யும்? மலைகளை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. காடு கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று, மேலே இருந்தவர்களையெல்லாம் இறக்கிக் கடலோரத்தில் குடிவைத்துவிட்டார்கள். உயரம் சொல்கிற வண்டி, மலைக்குத் திருட்டுத்தனமாகப் போன வண்டி. பொழுது சாய்வதற்குள் அள்ளிக்கொண்டுபோய் உருக்கிவிடுவார்கள். ‘வண்டி தெருவில்தானே நிற்கிறது’ என்றால் எடுபடாது. அரசாங்கச் சான்றிதழ் உணரிக்கு உண்டு, நம் கண்ணுக்குக் கிடையாது. உணரியில் கோளாறு என்று மெக்கானிக் நிரூபித்தால் மட்டும் தப்பலாம்.

“அண்ணே, கொடைக்கானல்லேர்ந்து எங்கள எறக்குனது இந்த வண்டிலதான்” என்றாள் சலேத் மேரி. “மலையத்தான் புடுங்கிட்டாங்க. இதயும் குடுக்க மாட்டேன்.”

“அழாத தாயி. ஒரு உணரிதான? இந்தா மாத்திருதேன்.”

“யாரு அழுதா? வேர்க்குது.”

சாவியைத் திருப்பினேன், எஞ்சினைக் கிளப்பவில்லை. அந்த நிலையில் உணரி வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். அது மலையைக் காட்டியது. ஒயரில் ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. எர்த் சரி. உணரிக்குக் காற்று வரும் ஹோஸில் விரிசல் இல்லை. புது உணரியை மாட்டினேன், அதுவும் “ஏழாயிரம் அடி” என்றது. பழையதைக் கொண்டுபோய் என் வண்டியில் மாட்டினால் “கடல்மட்டம்” என்று சமர்த்தாகச் சொல்கிறது. ஆக, உணரியில் கோளாறு இல்லை. காற்றில்தான் கோளாறு.

ஹோஸைக் கழற்றி மூக்கை வைத்தேன். நனைந்த யூகலிப்டஸ் இலை. விறகுப் புகை. யாரோ கேரட் கழுவிவிட்டுப் போன ஓடைத் தண்ணீர். கொடைக்கானலை விட்டு வந்த அன்று கீழே இறங்கியது சக்கரங்கள் மட்டுந்தான். எஞ்சின் அங்கேயே நின்றுவிட்டது.

சலேத் மேரியும் குனிந்தாள். கண்ணை மூடி ஆழமாக இழுத்தாள்.

“எங்க வீட்டுப் பின்பக்கம்ணே” என்றாள் பிறகு. “இப்பத்தான் மழ விட்டிருக்கு.”

அதற்கப்புறம் உணரியைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. சரியாக இருப்பதை என்னவென்று சரிசெய்வது? அதைப் பொய் சொல்லப் பழக்க வேண்டியதுதான். ஒயர்களுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டரைக் கோத்துவிட்டேன்.

மாலையில் உயரக் கண்காணிப்பு அதிகாரி இசக்கிராஜ் வந்தார்.

“கெளப்பும்வே.”

கிளப்பினேன். கார் கொஞ்சம் தயங்கியது. பிறகு “கடல்மட்டம்” என்றது, தொண்டையில் எதையோ விழுங்கினாற்போல. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மலையின் மெல்லிய காற்றோடு கடற்கரைக் கணக்குக்குப் பெட்ரோலை ஊற்றினால் எஞ்சின் திணறத்தானே செய்யும்? பின்னாலிருந்து குபுகுபுவென்று கரும்புகை.

“என்னவே இது?”

“வயசான வண்டி சார். இருமுது.”

“எங்கிட்டயே கத வுடுதீரா?”

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரே பானெட்டைத் தூக்கி ஹோஸை உருவினார். சலேத் மேரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தெருவில் வெளிச்சம் மெதுவாக நிறம் மாறியது. எங்கோ தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. ஒருவழியாக நிமிர்ந்தபோது அவர் மீசை நனைந்திருந்தது.

“உணரி நல்லாத்தான் இருக்கு” என்றார் யாரையும் பார்க்காமல். “புகைதான் சந்தேகமா இருக்கு. நாளைக்கும் வந்து பாக்கணும்.” போகிறவர் நின்று திரும்பினார். “எங்கம்மைக்கு இந்தச் சூட்டுல மூச்சு வுட முடியல. கூட்டியாரட்டா?”

“ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டு வாங்க” என்றாள் சலேத் மேரி.

இப்போதும் ஒவ்வொரு காலையும் அந்தக் கார் பொய் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்குகிறது. அந்த இடைவெளிக்காகவே எல்லோரும் வாசலில் காத்து நிற்கிறோம். அதற்குள் தெருவே ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்கிறது.

எனக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாது.