பலகையில் இல்லாத வலி

நிலவின் குகைநகரில் காலையில் எந்த வீட்டுக் கதவும் சும்மா திறப்பதில்லை. அதற்கு ஒரு சொட்டு இரத்தம் வேண்டும். கைப்பிடியில் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசியொன்று குத்திச் சொட்டை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்திலுள்ள நலப்பலகையில் சர்க்கரை, இரும்புச்சத்து, உடலில் ஏறிய கதிர்வீச்சு எல்லாம் வரிசையாக வரும். சரியாக இருந்தால் பெயர் பச்சையில் ஒளிரும், குறையிருந்தால் சிவப்பு. பிள்ளைகள் பல் துலக்குவதுபோல் இதையும் தூக்கக் கலக்கத்தில் முடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள்.

கோதைநாயகியின் பெயர் வருடக் கணக்கில் பச்சையாகவே இருந்தது. வலியும் வருடக் கணக்கில் இருந்தது.

கழுத்தில் தொடங்கித் தோளுக்கு இறங்கும். பிறகு இடுப்பு, தொடை, கணுக்கால் என்று பரவி அடித்துப் போட்டாற்போல் ஆக்கிவிடும். எவ்வளவு தூங்கினாலும் தூங்காதவளாகவே எழுந்தாள். காளான் பண்ணையில் தட்டு அடுக்கும்போது கையிலிருப்பதன் பெயர் மறந்து விழித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் மகள் நிறைமதி பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அலறிவிட்டாள். அதன்பிறகு அந்தப் பெண் அம்மாவைத் தொடுமுன் யோசித்தாள். கொஞ்ச நாளில் தொடுவதையே விட்டுவிட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு எந்திரிக்கவே முடியலைங்க" என்பாள் கணவனிடம்.

திருமூர்த்தி கெட்டவனல்ல. காற்றுக் குழாய்களைப் பழுது பார்ப்பவன். கருவி காட்டினால்தான் கசிவைத் தேடிப் பழகியவன். எட்டிப் பலகையைப் பார்ப்பான். "பச்சையாத்தானே இருக்குது அம்மிணி. சும்மா நெனச்சு நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காத."

நாத்தனார் சாந்தாமணிக்கோ அவள் வலியில் துளி நம்பிக்கையும் இல்லை. "பூமின்னாலும் பரவால்லீங்க அண்ணி. இங்க நம்ம ஒடம்பு ஆறுல ஒரு பங்கு கனம்தான். இதத் தூக்கிட்டு நடக்கறதுக்கா வலிக்குது?"

பூமியிலிருந்து வந்த முதல் கூட்டத்தார் காற்றையும் விதையையும் எடை போட்டுத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளின் முகத்தைப் பார்க்கும் வழக்கத்துக்கு எடை கிடையாது. அது தானாகவே கூட வந்துவிட்டது.

கடைசியில் அவளாகவே மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் ஹஸீனா திரையை அணைத்துவிட்டு, "பலகை சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்கம்மா" என்றார். கோதை வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

தோளையும் முதுகையும் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது ஃபைப்ரோமயால்ஜியா. பூமியிலயும் இருந்த நோய்தான். வலி நிஜம். ஆனா ரத்தத்துல தெரியாது." பிறகு, "ஒளிமாடத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

பாறைக்கு அடியில் வெயில் ஏது? அதனால் நகரத்தார் முறைவைத்து ஒளிமாடத்தில் செயற்கை வெயிலில் நிற்க வேண்டும். கோதையால் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை. தோலில் அந்தச் சூடு பட்டாலே எரிந்தது. போகாமலிருந்து பழகிவிட்டாள். எல்லோரும் போகிறார்கள் என்ற நம்பிக்கையில் வெயில் தரும் வைட்டமின் டி-யைப் பலகையில் யாரும் சேர்க்கவில்லை.

சோதித்தபோது அது அடிமட்டத்தில் இருந்தது.

"இந்த நோய் உள்ளவங்க நெறைய பேருக்கு இந்தக் குறையும் இருக்கும். சொட்டு மருந்து தர்றேன். தசைச் சோர்வு கொறையலாம். ஆனா எல்லா வலியும் இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். அவளுடைய பலகையில் வைட்டமின் டி-க்கென்று புதிதாக ஒரு வரியும் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலை கோதையின் பெயர் சிவப்பில் எரிந்தது.

திருமூர்த்தி பதறிப்போனான். அவளை உட்காரவைத்துத் தானே கஞ்சி காய்ச்சினான். சாந்தாமணி மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்பினாள். பண்ணையில் பாதி நாள் வேலை போதும் என்றார்கள். நிறைமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க வலிக்குதும்மா? மெதுவாத் தொடட்டுமா?" என்று கேட்டாள். முந்தின வாரம் இருந்த அதே வலிதான். கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீரைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாதே.

மருந்து வேலை செய்தது. கால்களுக்குத் தெம்பு வந்து, படியேறும்போது சுவரைப் பிடிக்காமல் ஏறினாள், ஒளிமாடத்திலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஆனால் அந்த எரிச்சலும் குடைச்சலும் போகவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் பெயர் பச்சைக்குத் திரும்பியது.

திருமூர்த்தி கைதட்டினான். அன்றைக்குப் பாயசம் வைத்தான். "அப்பாடா, எல்லாம் சரியாப் போச்சு!"

"இன்னும் வலிக்குதுங்க" என்றாள்.

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு பாயசக் கிண்ணத்தைப் பார்த்தான். அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். மறுநாளே பண்ணையில் முழுநாள் வேலை. சாந்தாமணியின் தூக்குப் பாத்திரம் வருவது நின்றது. நிறைமதி தன் அறைக்குத் திரும்பிப் போனாள்.

கோதை மறுபடி டாக்டரிடம் ஓடினாள். "மிச்ச வலிக்கும் ஒரு வரி சேத்துடுங்க டாக்டர்."

"இருந்தா சேர்க்க மாட்டேனாம்மா? அந்த வலிய அளக்க எண்ணே கிடையாதே" என்றார் ஹஸீனா. "உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன். மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க."

திருமூர்த்தி வரவில்லை. "பச்சையா இருக்கறப்ப டாக்டர்கிட்ட என்ன பேசறது?" என்றுவிட்டான்.

அன்றிலிருந்து கோதை சொட்டு மருந்தைக் கரண்டியில் ஊற்றி, யாரும் பார்க்காதபோது கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். ஒளிமாடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு பாதையில் போய் உட்கார்ந்திருந்தாள். கிடைத்த தெம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை அவள் உடம்பே சொன்னது. படியில் மறுபடி சுவரைத் தேடியது கை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

சில மாதங்கள் போய்ப் பெயர் மறுபடி சிவந்த காலையில் திருமூர்த்தி கருவிப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். அவளைத் தாங்கிப் படுக்கவைத்தான். நிறைமதி காலடியில் உட்கார்ந்து பாதத்தை மெல்ல நீவிவிட்டாள். அந்தத் தொடுதலும் வலிக்கத்தான் செய்தது. கோதை காலை இழுத்துக்கொள்ளவில்லை.

திருமூர்த்தியின் கண் கலங்கியிருந்தது.

"இத்தன வலிய வெச்சுக்கிட்டு இருந்திருக்கற. வாயத் தொறந்து எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி?"

கோதை பலகையில் சிவந்திருந்த தன் பெயரைப் பார்த்தபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே சொல்றேனுங்க" என்றாள்.