வலிக்காத ஊசி

காலை ஏழு மணி. உள்தாழ்ப்பாள் போட்டிருந்த கதவைத் தம்பி உடைத்தபோது, அண்ணன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார். உயிர் இல்லை.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தவர். மனைவி இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவளுடைய கண்ணாடி மட்டும் மேஜைமேல் துடைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா நிதானமாகப் பார்த்தாள். கட்டிலைச் சுற்றிக் காலித் தண்ணீர் பாட்டில்கள். வாளியில் வாந்தி. சட்டையில் வயிற்றுப் பக்கம் ஏதோ காய்ந்த கறை. மோந்தால் மருந்து வாடை. மேஜையில் இன்சுலின் பேனா, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா.

"விஷம்தான் மேடம்," என்றார் ஏட்டு. "சாப்பாடு தம்பி வீட்டுலேருந்து வருது. வீடும் தம்பிக்குத்தான் போகும்."

"உமக்கு டிபனுக்கு முன்னாடி கேஸ் முடிஞ்சாகணும்."

தம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசியா எப்ப பேசினீங்க?"

"நேத்து ராத்திரி போன்ல. அசதியா இருக்கு, காலைல வான்னாரு."

"ஊசி யார் போட்டுவிட்டாங்க?"

"அண்ணிதான் போடுவாங்க. ஊசின்னாலே அண்ணனுக்குப் பயம், கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. இப்ப அவரே போட்டுக்கிறதா சொன்னாரு."

பக்கத்து வீட்டுப் பெண்மணி குறுக்கிட்டாள். "அந்தம்மா இருந்தவரைக்கும் தினமும் காலைல 'ஆ'ன்னு கத்துவாரும்மா. எங்க வீட்டுல அதுதான் அலாரம். இப்ப ஒரு வாரமா சத்தமே இல்ல. பாவம், துக்கத்துல மரத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

மதியம் டாக்டர் போன் செய்தார். "விஷம் இல்ல. சர்க்கரை எக்கச்சக்கம், ரத்தமே அமிலமாயிருக்கு. இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிச்சிருக்கு. காய்ச்சல், சீழ், மாரடைப்புன்னு சர்க்கரையைக் கிளப்பிவிடுற வேற காரணம் எதுவும் இல்ல. அவர் ஊசி போட்டுக்கவே இல்ல."

ஆனால் பேனாவில் மருந்து முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

"மருந்து வாங்கிட்டு வந்தது யாரு?"

"நான்தான்," என்றான் தம்பி.

ஏட்டு துள்ளினார். "மருந்தை மாத்திட்டான் மேடம்!"

தம்பியின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் ஊசி டப்பாவை ஒரு காகிதத்தில் கவிழ்த்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்த ஊசிக்கு ரெண்டு மூடி. வெளியில பெருசு, உள்ள பொடிசு. ரெண்டையும் கழட்டணும். இதுல ஒண்ணுலகூட உள்மூடியைக் கழட்டல. மூடியோடவே வயித்துல வச்சு அழுத்தியிருக்காரு. கண்ணைத்தான் மூடிக்குவாரே! மருந்து முழுக்கச் சட்டையில வழிஞ்சிருக்கு. அதான் கறை, அதான் தீராத தாகம். குற்றவாளி இந்தப் பொடி மூடிதான். இந்த வீட்டுல காலைல கேட்காமப்போன 'ஆ'வை நாம யாரும் துப்புன்னு எடுத்துக்கல."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். தம்பிமேல் இனி எந்தப் பழியும் இல்லை. ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை.

"நாலு நாள் முன்னாடி எங்கிட்ட போன்ல சொன்னாரு மேடம், 'உங்க அண்ணியை விட நான் நல்லா போடுறேன்டா, வலிக்கவே இல்ல'ன்னு. நான்கூட சிரிச்சேன். ஒருநாள் ஊசி போடறப்ப வந்து பக்கத்துல உக்காரட்டுமான்னு கேட்டேன்..."

"என்ன சொன்னாரு?"

"இதுக்கெல்லாம் எதுக்குடா நீ அலையறன்னாரு. நானும் வரல."